யார் கணக்கில் எழுதுவது? சிறப்புப் படைகளின் பணமும் தளவாடமும்

2010 ஜூனில் அமெரிக்கச் சிறப்புப் படைக் கட்டளையகம், சுருக்கமாக சோகாம், ஒரு துப்பாக்கியை வேண்டாம் என்றது. தனக்கென்றே போட்டி வைத்து 2004இல் தேர்ந்தெடுத்து, அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் சோதித்துத் திருத்திய ஸ்கார் குடும்பத்துத் துப்பாக்கிகளில், 5.56 மி.மீ. தோட்டா போடும் எம்.கே.16 அது. துப்பாக்கி சரியில்லை என்று கட்டளையகம் சொல்லவில்லை. கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும் எம்4, தரைப்படைக் கிடங்கிலிருந்து இலவசமாக வந்துகொண்டிருந்தது. எம்.கே.16க்கோ சோகாம் தன் சொந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்தச் செலவுக்குப் போதாது என்று கணக்குப் போட்டார்கள். அதே குடும்பத்தின் 7.62 மி.மீ. எம்.கே.17ஐ வைத்துக்கொண்டார்கள். அதற்கு ஈடானது பொதுக் கிடங்கில் இல்லை.

சிறப்புப் படை என்றால் நம் ஊர் யூடியூப் காணொளிகளில் தாடி, கறுப்புக் கண்ணாடி, பின்னணி இசை. உள்ளே போனால் பெரும்பாலும் இந்த மாதிரிக் கணக்குதான். எந்தப் பொருள் யார் செலவு, எந்தப் பொருளுக்குப் பின்னால் இன்னும் எத்தனை பொருள் வர வேண்டும், ஆளைக் கூட்டினால் எங்கே முட்டும் என்ற கேள்விகள். இதைச் சட்டம் போட்டுத் தீர்க்க முயன்ற நாடு அமெரிக்கா. தீர்த்ததும் அங்கே உண்டு, சொதப்பியதும் உண்டு. இரண்டுக்கும் பொதுவெளியில் ஆவணம் இருக்கிறது. அதனால்தான் அங்கே தொடங்குகிறேன்.

எட்டு ஹெலிகாப்டர்கள்

1980 ஏப்ரல் 24. டெஹ்ரானில் பிணையாக இருந்த தூதரக ஊழியர்களை மீட்க, நிமிட்ஸ் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து எட்டு ஆர்.எச்-53டி ஹெலிகாப்டர்கள் கிளம்பின. ஹெலிகாப்டர்கள் கடற்படையுடையவை, கடலில் கண்ணிவெடி அகற்றுவதற்காக வாங்கப்பட்டவை. ஓட்டியவர்களில் பெரும்பாலோர் மரைன்கள். பாலைவனத்தில் எரிபொருளோடு காத்திருந்த சி-130 விமானங்கள் விமானப்படையுடையவை. மீட்கப் போன டெல்டா அணி தரைப்படையுடையது.

ஒரு ஹெலிகாப்டர் சுழலித் தகட்டில் விரிசல் எச்சரிக்கை காட்டியதால் வழியிலேயே கைவிடப்பட்டது. இன்னொன்று புழுதிப் புயலில் கருவிகள் கெட்டுக் கப்பலுக்குத் திரும்பியது. மூன்றாவது ஹைட்ராலிக் பழுதோடு வந்து சேர்ந்தது. திட்டத்துக்குக் குறைந்தது ஆறு வேண்டும், கையில் ஐந்து. நடவடிக்கை ரத்து. திரும்பும் அவசரத்தில் ஒரு ஹெலிகாப்டர் ஈ.சி-130 விமானத்தின் மீது மோதி எட்டுப் பேர் இறந்தார்கள்.

அட்மிரல் ஹாலோவே தலைமையிலான குழு இதை ஆராய்ந்து, அவ்வப்போது ஒட்டுப்போட்டு அமைத்த அணி, ஒத்திகை போதாது, பொறுப்பு யாருக்கு என்ற தெளிவில்லை என்று எழுதியது. ஆனால் அடிப்படைக் காரணம் பணம் ஒதுக்கும் முறையில் இருந்தது. இரவில், தரையை ஒட்டி, ஆயிரம் கிலோமீட்டர் பறக்கும் ஹெலிகாப்டரும் அதற்குப் பழகிய விமானியும் யாருடைய பட்ஜெட்டிலும் இல்லை. விமானப்படைத் தளபதிக்குப் போர் விமானம் முதல் கவலை. கடற்படைக்குக் கப்பல். தரைப்படைக்கு டாங்கி. பட்ஜெட் இறுகும் ஆண்டில் சிறப்புப் படைக்கான விமானம்தான் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். அடுத்த ஆண்டும் இதே கதைதான்.

1981இல் இரவுப் பறத்தலுக்கென்றே தரைப்படை ஒரு ஹெலிகாப்டர் அணியை அமைத்தது. இன்றைய 160ஆவது ரெஜிமென்டின் தொடக்கம் அது. ஆனாலும் பணத் தகராறு ஓயவில்லை. கடைசியில் நாடாளுமன்றம் தலையிட்டது. செனட்டர்கள் சாம் நன், வில்லியம் கோஹன் இருவரும் கொண்டுவந்த திருத்தம் 1986 நவம்பரில் சட்டமானது. 1987 ஏப்ரலில் டாம்பா நகரின் மெக்டில் தளத்தில் சோகாம் பிறந்தது. ஜெனரல் ஜேம்ஸ் லிண்ட்சே முதல் தளபதி. அந்தச் சட்டத்தில் உயிர்நாடி, தளபதிக்குக் கிடைத்த நான்கு நட்சத்திர ஜெனரல் பதவி அல்ல. பென்டகன் தன் செலவை அதுவரை பத்துப் பெருந்தலைப்புகளில் பிரித்துவந்தது; அதில் பதினோராவதாக ஒன்றைச் சேர்த்து, அது சிறப்புப் படைக்கு மட்டும் என்று எழுதியதுதான் உயிர்நாடி. அதற்கும் படைப் பிரிவுகள் எளிதில் வழிவிடவில்லை. பதினோராம் தலைப்பின் பிடி உண்மையில் சோகாம் கைக்கு வர 1989 ஆகிவிட்டது.

பொது அடுப்பும் சொந்தக் காசும்

இந்தத் தலைப்பு வேலை செய்யும் விதம் கூட்டுக் குடும்பத்தை ஒத்தது. சோறு, குழம்பு பொது அடுப்பிலிருந்து. ஒருவருக்கு மட்டும் வேண்டிய ஊறுகாயை அவரவர் காசில் வாங்கிக்கொள்ள வேண்டும். எல்லாப் படைக்கும் பொதுவான பொருளை அந்தந்தப் படைப் பிரிவு தர வேண்டும். சிறப்புப் படைக்கே உரியதை மட்டும் பதினோராம் தலைப்பில் வாங்கலாம்.

ஒரு பிளாக் ஹாக் ஹெலிகாப்டரை எடுத்துக்கொள்வோம். உடல், எஞ்சின், அடிப்படைப் பராமரிப்பு எல்லாம் தரைப்படை கணக்கு. நடுவானில் எரிபொருள் வாங்கும் நீண்ட குழாய், இருட்டிலும் மேகத்திலும் தரையை ஒட்டிப் பறக்க உதவும் ரேடார், கூடுதல் ரேடியோக்கள் ஆகியவை சோகாம் கணக்கு. எல்லாம் ஏறிய பிறகு அதன் பெயர் எம்.எச்-60எம். எம்.சி-130ஜே விமானத்திலும் இதே பிரிவினை: விமானம் விமானப்படையுடையது, சிறப்புக் கருவிகள் சோகாமுடையவை. வீரர் கையில் இருக்கும் எம்4 தரைப்படையுடையது. அதன் மேல் ஏறும் குறிநோக்கி, லேசர், சைலன்சர் எல்லாம் பதினோராம் தலைப்பில் வாங்கி, இண்டியானா மாநிலத்தின் கிரேன் நகரில் உள்ள கடற்படை மையத்தின் வழியாகத் தொகுப்பாக வரும்.

சீருடை வீரர்களின் சம்பளமும் படைப் பிரிவுகள் தலையில்தான். அதனால் சோகாமுக்கு இத்தனை நூறு கோடி டாலர் என்று செய்தியில் வரும் எண்ணை முழுச் செலவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகமே 2015இல் இதைக் குறையாக எழுதியது: படைப் பிரிவுகள் சிறப்புப் படைக்காகச் செலவிடுவதையும் சேர்த்த மொத்த எண் ஓரிடத்தில் கிடைப்பதில்லை என்று. மற்ற நாடுகள் சோகாம் பட்ஜெட்டைப் பார்த்து இவ்வளவுதான் செலவு என்று திட்டம் போட்டால் பாதி வழியில் மூச்சு வாங்கும்.

இந்தப் பிரிவினையில் ஒரு நல்ல பக்கவிளைவு உண்டு. சோகாம் தன் காசில் உருவாக்கியதைப் பொதுப்படை பிறகு ஏற்றுக்கொண்டால், செலவு பொது அடுப்புக்கு மாறிவிடும். கையடக்க பி.ஆர்.சி-148 ரேடியோ சோகாமுக்காகப் பிறந்து எல்லாப் படைக்கும் பரவியது. அமெரிக்காவில் ரேஞ்சர் ரெஜிமென்ட் போன்ற சிறப்புப் படைகள் சுமந்த, தோளில் வைத்துச் சுடும் கார்ல் கஸ்டாஃப் குழாயை அவர்களின் காலாட்படை பின்னால் ஏற்றுக்கொண்டது. நம் தரைப்படைக்கு அது பல பத்தாண்டுப் பழக்கம் என்பது வேறு விஷயம்.

கெட்ட பக்கமும் உண்டு. அடிப்படை வாகனம் பொதுப்படையில் இல்லாமல் போனால், அதன் மொத்தச் சுமையும் சிறியவர் தலையில் விழும். லிட்டில் பேர்ட் என்ற குட்டி ஹெலிகாப்டர் 160ஆவது ரெஜிமென்டில் மட்டுமே இருக்கிறது. உதிரி பாகம், பொறியியல் மாற்றம், விமானி கையேடு எல்லாமே அவர்கள் செலவு. சில டஜன் எண்ணிக்கையில் இருக்கும் பொருளுக்கு உதிரி செய்து தரும் தொழிற்சாலையை உயிரோடு வைத்திருப்பதுதான் இதில் பெரிய செலவு. தனித்தன்மையான தளவாடம் கேட்டு அடம்பிடிக்கும் எந்தப் படையும் இந்த வரியை முதலில் படிக்க வேண்டும்.

காசு இருந்தும் கெடுத்துக்கொண்டது

தனிப் பணப்பை இருந்தால் சொந்தமாகத் தவறு செய்யும் உரிமையும் வந்துவிடும். சோகாமின் நீர்மூழ்கிக் குட்டிப் படகு அதற்கு நல்ல சான்று. கடற்படையின் சிறப்புப் படையான சீல் அணிகள் அதுவரை பயன்படுத்தியது, உள்ளே தண்ணீர் நிரம்பியிருக்கும் திறந்த வகைப் படகு. மணிக்கணக்கில் குளிர்நீரில் உட்கார்ந்து போய்ச் சேரும்போது வீரர்கள் விறைத்துவிடுவார்கள். உலர்ந்த உட்புறம் கொண்ட, சுமார் 65 அடி நீளப் படகு ஒன்றுக்கு 1994இல் ஒப்பந்தம் போட்டார்கள். எண்ணியது ஆறு. கிடைத்தது ஒன்று.

என்ன தவறு? முதலில் பேட்டரி. வெள்ளி-துத்தநாக பேட்டரிகள் எதிர்பார்த்ததைவிட வேகமாக வற்றின. லித்தியம்-அயனுக்கு மாற வேண்டியிருந்தது. அடுத்தது சத்தம். மறைந்து போவதற்காகவே கட்டிய படகின் உந்தி இரைந்தது. பிறகு நம்பகத்தன்மை. இவை ஒவ்வொன்றையும் முதல் படகு தண்ணீரில் இறங்கிய பிறகே கண்டுபிடித்தார்கள். 2007இல் தணிக்கை அலுவலகம் எழுதியபோது செலவு 88.5 கோடி டாலரை எட்டியிருந்தது. 2008 நவம்பரில் பேர்ல் ஹார்பரில் பேட்டரிக்கு மின்னேற்றும்போது படகு தீப்பிடித்தது. சரிசெய்யும் செலவைப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார்கள். பணம் ஓடியது, ஆனால் கப்பல் கட்டும் திட்டத்தை ஆண்டுக்கணக்கில் மேய்க்கப் பழகிய பொறியாளர் கூட்டம் ஒரு சிறிய கட்டளையகத்திடம் இருக்காது. துப்பாக்கியும் ரேடியோவும் வாங்கித் தேர்ந்த அலுவலகம் நீர்மூழ்கியை வாங்கும்போது நடப்பது இதுதான்.

2013இல் அறிவித்த, உடலோடு இயங்கும் கவச உடைத் திட்டம் ஆறாண்டுக்குப் பிறகு உடையாக வராமலே முடிந்தது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2022இல் தேர்ந்தெடுத்த, பயிருக்கு மருந்து தெளிக்கும் ஏர் டிராக்டர் விமானத்தை அடியாகக் கொண்ட தாக்குதல் விமானத் திட்டம் இன்னும் சுவையானது. 75 விமானம் என்ற எண்ணை முதலில் முடிவு செய்துவிட்டு, எதற்கு 75 என்ற ஆய்வைப் பின்னால் செய்கிறீர்கள் என்று 2023 டிசம்பரில் தணிக்கையாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். பிறகு எண் 62 ஆகக் குறைந்தது.

ஓர் இரவுக் கண்ணாடியின் வால்

தளவாடப் பட்டியலில் ஒரே ஒரு வரியை எடுத்துப் பார்த்தாலே, வாங்குவது எளிது, வைத்திருப்பதுதான் கடினம் என்பது புரியும். நான்கு குழாய் கொண்ட ஜி.பி.என்.வி.ஜி-18 இரவுக் கண்ணாடி ஒன்றின் விலை சுமார் 40,000 டாலர். சாதாரண இரட்டைக் குழாய்க் கண்ணாடியில் 40 பாகை அளவே தெரியும். கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். இதில் 97 பாகை. அறைக்குள் நுழையும்போது மூலையில் நிற்பவரைப் பார்ப்பதும் விடுவதும் அந்த வித்தியாசத்தில்தான்.

இப்போது வாலைப் பாருங்கள். எடை முக்கால் கிலோவுக்கு மேல், அதுவும் நெற்றிக்கு முன்னால் தொங்கும். எதிர் எடைக்காக பேட்டரிப் பெட்டியை ஹெல்மெட்டின் பின்புறம் வைக்க வேண்டும். பழைய ஹெல்மெட் இதைத் தாங்காது, தலையில் ஆடும். ஆகவே புது ஹெல்மெட். கண்ணாடி போட்டுக்கொண்டு துப்பாக்கியில் கன்னத்தை வைத்துக் குறிபார்ப்பது கடினம் என்பதால் அகச்சிவப்பு லேசர் வேண்டும். அந்த லேசர் கோடு எதிரியிடமும் இரவுக் கண்ணாடி இருந்தால் அவருக்கும் தெரியும், நேராக உங்களிடமே முடியும். எனவே லேசர் இல்லாமலும் குறிபார்க்க, குறிநோக்கியை உயர்த்தி மாட்டும் அடித்தளம். உயர்த்தினால் குழலுக்கும் பார்வைக் கோட்டுக்கும் இடைவெளி கூடும். பக்கத்து இலக்கில் தோட்டா கீழே விழும். அதற்குப் புதிதாகப் பழக வேண்டும். அந்தப் பயிற்சி இருட்டில்தான் நடக்க முடியும், ஆக இரவில் திறந்திருக்கும் சுடுதளம், கூடுதல் தோட்டா, கூடுதல் மருத்துவ ஏற்பாடு.

பராமரிப்பு தனி. கண்ணாடிக்குள் ஈரம் புகாமல் நைட்ரஜன் நிரப்பியிருக்கும். ஒருமுறை பிரித்தால் மறுபடி நிரப்பக் கருவியும் அது தெரிந்த தொழில்நுட்பரும் வேண்டும். பிரகாசமான ஒளியில் விட்டுவிட்டால் குழாயில் கருந்தழும்பு விழும். சைலன்சர் விஷயமும் இப்படியே: மாட்டியவுடன் வாயு பின்னோக்கித் திரும்பி, துப்பாக்கியின் உள்ளே கரி படிந்து, போல்ட்டும் ஸ்பிரிங்கும் வேகமாகத் தேயும். சைலன்சர் வாங்கிவிட்டு உதிரி வாங்காத படை, இரண்டாவது ஆண்டில் துப்பாக்கி மோசம் என்று புகார் எழுதும்.

வெளிநாட்டிலிருந்து வாங்குபவர்களுக்கு இன்னொரு முடிச்சு. உயர்தரக் குழாய்களை ஏற்றுமதி செய்ய அமெரிக்க அரசின் அனுமதி வேண்டும். தரத்தைக் குறைத்துத்தான் தருவோம் என்றும் சொல்லலாம், பழுதுக்கு அங்கேயே அனுப்பு என்றும் சொல்லலாம். பத்து கண்ணாடி பழுதுக்குப் போனால் பத்து வீரர் பல மாதம் பகல் வீரர்தான்.

ஆளைக் கூட்டும் கணக்கு

2001இலிருந்து 2014 வரை சோகாமுக்கு ஒதுக்கிய பணம் சுமார் 310 கோடி டாலரிலிருந்து சுமார் 980 கோடி டாலராக ஏறியது. அதே காலத்தில் அனுமதிக்கப்பட்ட படைவீரர் இடங்கள் 42,800இலிருந்து 62,800. பணம் மூன்று மடங்கு. ஆள் ஒன்றரை மடங்குகூட இல்லை. விலைவாசியைக் கழித்தாலும் பணம் இரண்டு மடங்குக்கு மேல். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஆள் வளர்ச்சி ஏறக்குறைய 3 சதவீதம். அப்போது தளபதியாக இருந்த அட்மிரல் எரிக் ஓல்சன், ஆண்டுக்கு 3 முதல் 5 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தால் தரம் தாங்காது என்று நாடாளுமன்றத்தில் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சொன்ன எல்லையின் கீழ்க்கோட்டில்தான் நிஜ வளர்ச்சியும் நின்றது.

ஏன் என்பதற்கு, தரைப்படையின் சிறப்புப் படையான கிரீன் பெரெட்டின் ஓர் அணியை எடுத்துக்கொள்ளலாம். ஓர் அணியில் 12 பேர்: ஒரு கேப்டன், ஒரு வாரண்ட் அதிகாரி, ஓர் அணி சார்ஜென்ட், ஓர் உளவு சார்ஜென்ட், பிறகு ஆயுதம், பொறியியல், மருத்துவம், தொலைத்தொடர்பு ஒவ்வொன்றுக்கும் இருவர். ஆறு அணி ஒரு கம்பெனி, மூன்று கம்பெனி ஒரு பட்டாலியன், அன்று மூன்று பட்டாலியன் ஒரு குரூப். 2006இல் பென்டகன், ஐந்து குரூப்புகளுக்கும் ஆளுக்கொரு நான்காவது பட்டாலியன் என்று முடிவெடுத்தது. அதாவது 90 புதிய அணி, 1,080 ஆள். லட்சக்கணக்கில் வீரர் உள்ள நாட்டுக்கு 1,080 என்ன பெரிதா என்று தோன்றும்.

அதில் 180 பேர் மருத்துவ சார்ஜென்ட்கள். போர்க்கள மருத்துவப் படிப்பு 36 வாரம். அதன்மேல் கிரீன் பெரெட் மருத்துவருக்கென்று இன்னொரு 14 வாரம். ஃபோர்ட் பிராக்கில் உள்ள அதே பள்ளியில்தான் கடற்படை, மரைன், ரேஞ்சர் மருத்துவர்களும் இடத்துக்கு நிற்கிறார்கள். பயிற்சிக்குத் தேவையான மருத்துவமனை அனுபவம், பயிற்றுநர் எண்ணிக்கை எதையும் ஒரே ஆண்டில் இரட்டிப்பாக்க முடியாது. ஆயுத சார்ஜென்ட் சீக்கிரம் தயாராகிவிடுவார். மருத்துவர் வரும்வரை அணி முழுமையாகாது.

இதைவிடச் சிக்கல், 90 அணி சார்ஜென்ட்களும் 90 வாரண்ட் அதிகாரிகளும். இவர்களைப் பள்ளியில் செய்ய முடியாது. பத்தாண்டுக்கு மேல் அணிகளில் வளர்ந்தவர்களைத்தான் அந்த நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். ஆகப் பழைய அணிகளிலிருந்து பிடுங்குகிறார்கள். பயிற்றுநர்களையும் அங்கேயிருந்துதான் பிடுங்குகிறார்கள். புதுப் பட்டாலியன் காகிதத்தில் பிறக்கும் நாளில் பழைய மூன்றும் மெலிந்திருக்கும். அதனால்தான் ஐந்தையும் ஒரேயடியாக அமைக்காமல் 2008இலிருந்து ஏறக்குறைய ஆண்டுக்கு ஒன்றாக எழுப்பினார்கள்.

மறுபக்கம் ஆள் ஒழுகும். 2003க்குப் பிறகு இராக்கில் தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் கொடுத்த சம்பளம் அனுபவசாலிகளை இழுத்தது. பத்தொன்பது ஆண்டு முடித்த சார்ஜென்ட் இன்னும் ஆறு ஆண்டு இருந்தால் 1,50,000 டாலர் வரை ஊக்கத்தொகை என்று பென்டகன் அறிவித்தது. வெளியிலிருந்து பார்த்தால் கண்ணைக் கரிக்கும் தொகை. ஒரு புதியவரை அந்த இடத்துக்குக் கொண்டுவர ஆகும் பத்தாண்டுச் செலவோடு ஒப்பிட்டால் மலிவு. இந்த முழு விரிவாக்கத்திலும் மிகப் புத்திசாலித்தனமான செலவு இதுவே என்பது என் கணிப்பு.

வாசலை அகலப்படுத்தும் ஆசை எப்போதும் இருக்கும். தேர்வில் பெரும்பாலோர் தோற்பதைப் பார்க்கும் அரசியல்வாதிக்கு, தேர்வைக் கொஞ்சம் தளர்த்தினால் எண்ணிக்கை வந்துவிடுமே என்று தோன்றும். 2001க்குப் பிறகு பொதுப்படை அனுபவம் இல்லாதவர்களையும் நேரடியாகச் சேர்க்கும் வழி திறந்தது. அதில் நல்ல வீரர்களும் வந்தார்கள். ஆனால் அணிக்குள் வயது குறைந்தது. முப்பது வயதுக்காரர் கிராமத் தலைவரோடு உட்கார்ந்து பேசும் இடத்தில் இருபத்திரண்டு வயதுக்காரர் உட்கார்ந்தார். ஓயாமல் போருக்கு அனுப்பியதன் விலையும் பின்னால் தெரிந்தது. 2020 ஜனவரியில் சோகாம் தானே வெளியிட்ட ஒழுக்க மதிப்பாய்வு, களத்துக்கு ஆள் அனுப்புவதே முதல் குறிக்கோளாகி, தலைமையும் ஒழுங்கும் பின்னுக்குப் போனதாக ஒப்புக்கொண்டது. 2024இல் தரைப்படை தன் சிறப்புப் படையில் சுமார் 3,000 இடங்களைக் குறைப்பதாக அறிவித்தது. குறைப்பு பெரும்பாலும் துணைப் பணிகளிலும் நிரப்பப்படாத இடங்களிலும் விழுந்தது. துணைப் பணியை வெட்டுவதுதான் எளிது. துணை இல்லாத வீரர் எவ்வளவு தூரம் போவார் என்பதற்கு 1980இன் பதிலே போதும்.

நம் பக்கம்

இந்தியாவில் சிறப்புப் படைகளுக்குக் குறைவில்லை, ஒரே பணப்பைதான் இல்லை. பாரா சிறப்புப் படை தரைப்படையின் கீழ். 1987இல் தொடங்கிய மார்க்கோஸ் கடற்படையின் கீழ். 2004இல் தொடங்கிய கருட் விமானப்படையின் கீழ். என்.எஸ்.ஜி. உள்துறை அமைச்சகத்தின் கீழ். 1962இல் பிறந்த சிறப்பு எல்லைப்புறப் படை மந்திரிசபைச் செயலகத்தின் கீழ். ஒரே மாதிரி துப்பாக்கியை ஐந்து பேர் ஐந்து கோப்பில் கேட்கலாம், கேட்டும் இருக்கிறார்கள்.

வானத்துக்கான பணம் வேறு கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நமக்கே ஓர் இரவு உண்டு. 1987 அக்டோபர் 11–12, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம். புலிகளின் தலைமையைப் பிடிக்க 10ஆவது பாரா கமாண்டோ பட்டாலியன் வீரர்களும் 13ஆவது சீக்கிய இலகு காலாட்படைப் பட்டாலியன் வீரர்களும் எம்.ஐ-8 ஹெலிகாப்டர்களில் இறக்கப்பட்டார்கள். இருந்தவை நான்கே ஹெலிகாப்டர். சுற்றுச் சுற்றாகத்தான் இறக்க முடியும். வானொலிப் பேச்சை ஒட்டுக்கேட்ட புலிகள் காத்திருந்தார்கள். சூடு பலமாகி ஹெலிகாப்டர்கள் சேதமடைந்ததும் மேற்கொண்டு ஆள் வரவில்லை. இறங்கிய சீக்கியப் படையினர் 30 பேரில் 29 பேர் இறந்தார்கள். கமாண்டோக்களின் தரத்தில் குறை காண ஒன்றுமில்லை. அவர்களுக்கென்று பழகிய, போதிய எண்ணிக்கையில் ஹெலிகாப்டர் இல்லை. இலக்கைப் பற்றிய தகவலும் தவறு.

அந்தக் கடனை ஓரளவு அடைத்தது சி-130ஜே. 2008இல் சிறப்பு நடவடிக்கைக்கென்றே ஆறு விமானங்களை ஏறக்குறைய நூறு கோடி டாலருக்குக் கேட்டு, 2011இலிருந்து ஹிண்டன் தளத்தில் நிறுத்தினார்கள். 2013 ஆகஸ்டில் லடாக்கில் 16,614 அடி உயரத் தௌலத் பெக் ஓல்டியில் ஒன்று இறங்கியது. 2023 ஏப்ரலில் சூடானின் சிதைந்த ஓடுதளம் ஒன்றில் விளக்கில்லாமல் இரவில் இறங்கி, கருட் வீரர்கள் காவலில் 121 பேரை ஏற்றிவந்தது. வாங்கிய நோக்கத்துக்கே பயன்பட்ட அபூர்வமான கொள்முதல். ஆனால் அது விமானப்படையின் சொத்து. வெள்ள நிவாரணத்துக்கும் சரக்குக்கும் அதே விமானம்தான். பாரா வீரர் எத்தனை முறை இரவில் குதித்துப் பழகுவார் என்பதை, பாராசூட் பயிற்சி நடக்கும் ஆக்ராவில் அன்று எந்த விமானம் கிடைக்கிறது என்பதுதான் பல நேரம் தீர்மானிக்கிறது.

துப்பாக்கிக் கதை தெரிந்ததே. 2002இல் இஸ்ரேலிடம் 3,070 டாவோர் துப்பாக்கிகளுக்குச் சுமார் ₹88 கோடிக்கு ஒப்பந்தம். வந்து, நம் வெயிலிலும் தூசியிலும் சோதித்து, மாற்றங்கள் செய்து கைக்குப் பரவ ஆண்டுகள் ஓடின. கோளாறு துப்பாக்கியில் மட்டும் இல்லை. நம் கொள்முதல் பாதை, பத்தாயிரக்கணக்கில் வாங்குவதற்காக அமைந்தது: தரக்குறிப்பு எழுதுவது, தேவைக்கான ஒப்புதல், விலைப்புள்ளிக் கோரிக்கை, தொழில்நுட்ப மதிப்பீடு, பாலைவனத்திலும் பனியிலும் களச் சோதனை, பேரம், நிதி ஒப்புதல். இருநூறு துப்பாக்கிக்கு இத்தனை படி ஏறச் சொன்னால் நல்ல கம்பெனிகள் எட்டிப் பார்க்கா. சோதனைக்கு மாதிரி அனுப்பும் செலவே லாபத்தைத் தின்றுவிடும்.

இதற்கு மருந்தாக வந்தது அவசரக் கொள்முதல். 2016 உரி தாக்குதலுக்குப் பிறகும், 2020 லடாக் மோதலுக்குப் பிறகும் படைகளுக்கு அவசர அதிகாரம் கொடுத்தார்கள். 2020 ஜூலையில் ₹300 கோடி வரையிலான கொள்முதலை ஆறு மாதத்தில் ஒப்பந்தமாக்கி ஓராண்டுக்குள் பொருள் வரத் தொடங்க வேண்டும் என்றார்கள். வேகம் வந்தது. கூடவே ஒரு பழக்கமும் வந்தது: எந்தப் பொருள் சீக்கிரம் கிடைக்குமோ அதை வாங்குவது. நெருக்கடிக்கு நெருக்கடி வேறு நாட்டுத் துப்பாக்கி, வேறு அளவுத் தோட்டா. .338 லபுவா தோட்டா போடும் ஸ்னைப்பர் துப்பாக்கியை ஓராண்டில் வாங்கலாம். அதற்கான பயிற்சித் தோட்டாவை ஆண்டாண்டுக்கு வாங்கும் தலைப்பு வழக்கமான வருவாய்ச் செலவில் வேறெங்கோ இருக்கும். ஸ்னைப்பர் சுடாமல் இருந்தால் கை மறந்துவிடும்.

விரிவாக்கத்தில் நாம் போன பாதை இன்னும் அவசரமானது. 1995 வரை பாரா கமாண்டோ பட்டாலியன்கள் மூன்று: 1, 9, 10. 1996இல் ஒரு மராத்தா காலாட்படைப் பட்டாலியன் முழுதாக மாறி 21 பாரா சிறப்புப் படை ஆனது. 2000களில் 2, 3, 4 பாராக்கள் மாற்றப்பட்டன. 2011இல் 11 பாரா புதிதாக எழுப்பப்பட்டது. அதற்குப் பிறகும் விரிவாக்கம் தொடர்ந்தது. இருக்கும் பட்டாலியனை மாற்றுவது காகிதத்தில் எளிது, கொடியும் கட்டிடமும் தயார். ஆனால் தன்னார்வமாக வந்து மாதக்கணக்கான தகுதிகாண் காலத்தைத் தாண்டியவர்தான் சிறப்புப் படை வீரர் என்றால், மாற்றப்பட்ட பட்டாலியனில் தாண்டாதவர்களை வேறிடம் அனுப்பி, அந்த இடங்களை ஆண்டுக்கணக்கில் காலியாக வைத்திருக்கும் பொறுமை வேண்டும். 21 பாராவுக்கு அந்தக் காலம் கிடைத்தது. 2015இல் மியான்மர் எல்லையில் கிளர்ச்சியாளர் முகாம்கள் மீது நடத்திய தாக்குதலில் பலன் தெரிந்தது. எல்லாப் பட்டாலியனுக்கும் அப்படிக் காலம் கிடைத்ததா என்று ஓய்வுபெற்ற சிறப்புப் படை அதிகாரிகளே வெளிப்படையாகக் கேட்டு எழுதியிருக்கிறார்கள்.

பாதுகாப்புச் சீர்திருத்தம் பற்றி அரசு அமைத்த நரேஷ் சந்திரா குழு தனிச் சிறப்பு நடவடிக்கைக் கட்டளையகம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2019இல் கிடைத்தது முப்படைச் சிறப்பு நடவடிக்கைப் பிரிவு: மேஜர் ஜெனரல் தலைமை, மூன்று படையிலிருந்தும் ஆள், அந்தமானில் கூட்டுப் பயிற்சி. நல்ல தொடக்கம்தான். ஆனால் ஆளும் ஹெலிகாப்டரும் தோட்டாவும் தாய்ப்படைகளின் கணக்கில் இருக்கும்வரை அதன் தலைவர் கேட்டு வாங்குபவராகவே இருப்பார்.

இதற்கு அமெரிக்கா மாதிரி முழுக் கட்டளையகம் கட்ட வேண்டியதில்லை. பாதுகாப்பு மானியக் கோரிக்கையில் அந்தப் பிரிவின் பெயரில் சிறியதாக ஒரு தலைப்பு போதும், அதிலிருந்து முதல் மூன்று ஆண்டு துப்பாக்கி வாங்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. இரவுப் பறப்பு மணிநேரத்துக்கு விமானப்படைக்குக் காசு, பயிற்சித் தோட்டா, இரவுக் கண்ணாடி பழுதுபார்க்க நாட்டுக்குள்ளேயே ஒரு பட்டறை, பயிற்சிப் பள்ளியில் நிற்கும் அனுபவசாலி ஹவில்தார்களுக்குக் களத்தில் இருப்பவர்களுக்கு இணையான படி. இந்த நான்கிலும் ஒப்பந்தம் பெரிதாக இருக்காது, படம் எடுத்துப் போட ஒன்றும் கிடைக்காது. பட்ஜெட் இறுகும் ஆண்டில் முதலில் வெட்டு விழுவதும் இவற்றில்தான் என்பதால், ஆண்டு நடுவில் இந்தத் தலைப்பிலிருந்து வேறு தலைப்புக்குப் பணத்தை மாற்ற முடியாது என்பதையும் கையோடு எழுதிவிட வேண்டும்.